சுவரில் இருந்த சிவப்பு

இருபது மீட்டர் ஆழத்தில் ரத்தம் சிவப்பாக இருப்பதில்லை. கூரான சிப்பி ஏதாவது கையுறையைக் கிழித்து விரலைக் கீறிவிட்டால், கசிந்து தண்ணீரில் கலைவது கரும்பச்சையாகத்தான் தெரியும். நான் மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ரத்த மாதிரிகளைப் பார்த்துப் பழகிய கண் இது. இந்தக் கண்ணுக்கே ரத்தம் பச்சையாகத் தெரிகிறது என்றால், நிறம் என்று இத்தனை காலம் நான் எதைச் சொல்லி வந்தேன் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? அந்தக் கேள்வி என்னை அப்பாவின் சைவ சித்தாந்தப் புத்தகங்களிடம் கொண்டுபோய் விட்டது.

வான்கூவருக்கு மேற்கே, ஹார்ஸ்ஷூ பே படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஒயிட்கிளிஃப் பூங்கா. 1993-இல் இதன் கடற்பகுதியைக் காப்பகமாக அறிவித்தார்கள். கனடாவில் இந்த வகையில் முதலில் வந்தவற்றுள் ஒன்று. தூண்டில் போடக்கூடாது, ஒரு சிப்பியைக்கூட எடுத்துப் போகக்கூடாது. இங்கே முக்குளிக்கப் படகு வேண்டியதில்லை. வண்டி நிறுத்துமிடத்திலேயே டிரைசூட்டுக்குள் புகுந்து, சிலிண்டரையும் ஈயக் கட்டிகளையும் கட்டிக்கொண்டு, சுமையோடு கீழே இறங்கி, கூழாங்கல் கரையில் நிதானமாகக் கால் வைத்து அப்படியே தண்ணீருக்குள் நடந்துவிடலாம். பாறை ஓரமாகச் சற்று நீந்தினால் அடித்தரை சரிந்துகொண்டே போய் ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்பால் செங்குத்தான சுவர். என்னைப் போன்றவர்கள் இறங்கலாம் என்ற எல்லையைத் தாண்டியும் அது கீழே போகிறது.

ஆகஸ்ட் வெயிலில் கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போதும் சுவரின் கீழ்ப்பகுதியில் குளிர் உறைக்கும். மூடாமல் இருப்பது உதடும் கன்னமும்தான். முதல் சில நிமிடம் அவை எரியும், பிறகு மரத்துப்போகும். கோடைத் தொடக்கத்தில் பனியாறுகள் அரைத்த மாவு போன்ற மண்ணைச் சுமந்துகொண்டு ஸ்குவாமிஷ் ஆறு ஹவ் சவுண்டில் வந்து சேரும். நன்னீர் லேசானது, உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கும். அதோடு நுண்பாசியும் பெருகி மேல்நீரைக் கலக்கிவிடும். அந்தப் படலத்தைக் கடந்து கீழே போனால் நடுப்பகலிலும் அந்தி. நனைமோவுக்குப் போகும் கப்பலின் எந்திர ஓசை மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சமயத்தில் வருவதுபோல் கேட்கும்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டரிலேயே மங்கிவிடும்; பத்துப் பதினைந்து மீட்டருக்குள் சூரிய ஒளியில் சிவப்பு என்று சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. அடுத்து ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள். தெளிந்த வெப்பக் கடலில் கடைசியில் நீலம் எஞ்சும். இந்தக் கரையோரத்தில் பாசியும், மக்கிய இலைதழைகளிலிருந்து கரைந்து வருபவையும் நீலத்தையும் உறிஞ்சிவிடுவதால் எஞ்சுவது பச்சை. இவ்வளவும் பள்ளிப் பாடத்தில் வந்துவிடும். அங்கே போய் நின்றால்தான் பிடிபடுவது வேறொன்று. சிவப்பு போய்விட்டது என்பதே அங்கே இருக்கும்போது தெரிவதில்லை.

இருட்டு அறைக்குள் நுழைகிறவருக்கு அது இருட்டு என்று தெரியும்; கையால் துழாவுவார், சுவிட்சைத் தேடுவார். சுவரின் முன்னால் அந்தத் தேட்டமே வராது. பச்சையும் சாம்பலும் கருமையுமாக ஒரு முழு உலகம் கண்முன் நிற்கிறது. பாறையின் மேடுபள்ளம் தெரிகிறது, மீன் தெரிகிறது, நண்டின் காலில் இருக்கும் மயிர்கூடத் தெரிகிறது. கண்ணும் மனமும் கிடைத்த வெளிச்சத்துக்குத் தகத் தம்மைச் சரிசெய்துகொண்டு, உலகம் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டுவிடுகின்றன. எதுவோ குறைகிறது என்ற எண்ணமே எழாது.

அப்போது டார்ச்சைப் போடுகிறேன். கருப்புக் கறை என்று கடந்துபோகவிருந்த இடத்தில் குருதிச் சிவப்பில் ஒரு கடல் சாமந்தி, பூப்போல் தோன்றும் விலங்கு. சாம்பல் புள்ளிகளாக இருந்தவை விரல்நுனி அளவுக் கிண்ணப் பவளங்கள், தணல் போன்ற ஆரஞ்சு நிறத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியாக. பாறை என்றே நினைத்திருந்தது கண்ணை உருட்டுகிறது: ரெட் ஐரிஷ் லார்ட் என்ற மீன், உடம்பெங்கும் சிவப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக. வெளிச்சத்தை நகர்த்தினால் அந்த வட்டத்தோடு நிறமும் நகர்ந்து போகிறது. வட்டத்துக்கு வெளியே முன்பு இருந்த அதே பச்சை உலகம், ஒரு குறையும் சொல்ல முடியாதபடி.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அப்பாவுக்கு ஒரே இடத்தை இரண்டு விதமாகப் படம் பிடித்து அனுப்பினேன். முதலில் டார்ச் இல்லாமல் எடுத்தது. அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் திண்ணையில் சித்தாந்த வகுப்பு நடத்தியவர். படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: "நல்லாத்தானே இருக்கும்மா. பாசி, பாறை எல்லாம் தெளிவாத் தெரியுது." அதன் பிறகு இரண்டாவதை அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார். "மொத படத்துல இதெல்லாம் இல்லேன்னு எனக்குத் தோணவே இல்லியேம்மா" என்றார். குரலில் கலக்கம் இருந்தது. அவருக்கு உடனே நினைவுக்கு வந்தது எனக்கும் தண்ணீருக்கடியில் வைத்தே நினைவுக்கு வந்திருந்ததுதான்: உமாபதி சிவத்தின் திருவருட்பயன், இருள்மல நிலை.

நூறு குறட்பாக்களே கொண்ட, பதினான்காம் நூற்றாண்டு நூல் அது. அதில் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தை இருட்டோடு ஒப்பிட்டு, ஆணவம் இருட்டைவிடக் கொடியது என்று காட்டுகிறார் உமாபதி சிவம். புற இருட்டு பொருள்களை மறைக்கிறது. ஆனால் தான் இருப்பதைக் காட்டிவிடுகிறது. ஆணவமோ பொருளையும் மறைத்து, மறைக்கிற தன்னையும் மறைத்துக்கொள்கிறது. சிறுவயதில் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன். ஆணவம் என்றால் திமிர், தற்பெருமை என்று மனதில் வாங்கிக்கொண்டு, அந்த நுட்பத்தை ஒரு புலவரின் கெட்டிக்காரத்தனமாக மட்டும் ரசித்தேன். சுவரின் முன்னால்தான் அது நேரான விவரணையாகத் தெரிந்தது. அறியாமைக்கு ஓட்டை உடைசலான தோற்றம் இல்லை. அது முழுமையாக, திருத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வருகிறது. "எனக்குத் தெரியாதது இருக்கிறது" என்ற உணர்வே ஏற்கனவே எங்கிருந்தோ வந்துவிட்ட வெளிச்சம்.

இதுவரை அப்பாவும் நானும் ஒரே பக்கம். இதற்குப் பிறகு பிரிகிறோம்.

பிரிவுக்குக் காரணம் ஓர் எளிய கேள்வி. அந்தச் சிவப்பு யாருக்காக? என் டார்ச் வருவதற்கு முன்பும் சாமந்தி அங்கே இருந்தது. கடல் சாமந்திக்குக் கண் இல்லை, மூளை இல்லை. தொடுவதை அறியும், தண்ணீரில் வரும் இரையின் ருசியை அறியும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தும்போது நத்தைக்கும் சிப்பிக்கும் தந்த ஈரறிவு அப்படியே இதற்கும் பொருந்துகிறது. தன் நிறம் தனக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் உயிர்களுக்கும், அந்த ஆழத்தில் சிவப்பு ஒளியே வராததால், அது கருமைதான். சிவப்பு மீன்களுக்கு அந்தக் கருமை நல்ல மறைவிடம் என்று உயிரியல் சொல்கிறது. ஏற்கிறேன். ஆனால் அங்கே பயன்படுவது கருமை. சிவப்பு யாருக்கும் பயன்படவில்லை.

தேடத் தேட இத்தகைய நிறங்கள் எங்கும் கிடைக்கின்றன. இந்தக் கடலின் ராட்சத ஆக்டோபஸ் நொடியில் செங்கல் சிவப்பாக மாறும். அதன் கண்ணில் ஒளி உணரும் நிறமி ஒரே வகைதான். நம் கணக்கில் அதற்கு நிறக்குருடு. தான் உடுத்துகிற நிறத்தைத் தான் காணாத உயிர். அதன் ரத்தம் நீலம், ஏனென்றால் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு இல்லை, தாமிரம். நட்சத்திர மீனுக்கும் இறாலுக்கும் சிவப்பைத் தரும் ஆஸ்டாசாந்தின் வகை நிறமிகளை அவற்றின் உடல் அடிப்படையிலிருந்து செய்துகொள்வதில்லை. வெளிச்சம் படும் மேல்நீரில் நுண்பாசிகள் ஆக்கியது, தின்னப்பட்டு, தின்றதும் தின்னப்பட்டு, உருமாறி, வெளிச்சமே எட்டாத இடத்துக்கு வந்து சேர்கிறது. என்னை எல்லாவற்றையும்விட உலுக்கியது லிங்காட். இந்தச் சுவரில் சர்வசாதாரணமாகக் கிடக்கும் பெரிய பல்லுள்ள மீன் அது. காப்பகத்துக்கு வெளியே அதைப் பிடித்து விற்கிறார்கள். ஒருமுறை மீன் கடையில் வெட்டி வைத்திருந்த துண்டங்கள் மயில்கழுத்து நிறத்தில் இருந்தன. சாயம் ஏதும் இல்லை. லிங்காட்களில் சிலவற்றுக்குத் தசையே நீலப்பச்சை. பிலிவெர்டின் என்ற பித்த நிறமி அதற்குக் காரணம். மஞ்சள் காமாலை பார்க்க நாங்கள் ஆய்வகத்தில் அளக்கும் பிலிருபினின் நெருங்கிய உறவு. தோலுக்கும் செதிலுக்கும் உள்ளே, மீன் உயிரோடு இருக்கும்வரை எந்தக் கண்ணும் எட்ட முடியாத இடத்தில் அத்தனை அழகான நீலம். சமைத்தால் வெளுத்துவிடும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்களில் எழுப்பிய கட்டடத்தில், உடலும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும் உயிர்களின் பொருட்டே தரப்பட்டவை. இறைவனுக்கு அவற்றால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. சடமான உலகுக்குத் தன்னளவில் ஒரு நோக்கம் இருக்க முடியாது. ஆகவே காணப்படாத நிறமும் ஏதோ ஓர் உயிரின் கணக்கில் இருந்தாக வேண்டும் என்பது அப்பாவின் வாதம். "இத்தனை காலம் யாரும் பாக்கலே. நீ போய்ப் பாத்தே இல்லே? அது ஒனக்காக இருந்தது" என்றார்.

அன்பினால் சொன்ன சொல். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. ஒரு கோவைக்காரப் பெண் என்னோடு முக்குளிக்க வருவாள், என் மகள் வயது இருக்கும். அவள் ஒருநாள் கரையேறி முகமூடியைக் கழற்றியதும், "அக்கா, கருவறையில தீபாராதனை காட்டின மாதிரியே இருந்துச்சு" என்றாள். கண்ணில் நீர் நின்றது. அவள் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த ஒப்புமையை என்னால் ஏற்க முடியவில்லை. கருவறையில் இருக்கும் மூர்த்தம் நமக்குக் காட்சி தருவதற்கென்றே எழுந்தருளியிருப்பது. அங்கே நாம் எதிர்பார்க்கப்படுகிறோம். சுவரில் யாரும் நம்மை எதிர்பார்க்கவில்லை. வெளிச்சம் பட்டதும் சாமந்தி மலர்ந்து காட்டவில்லை. ராக்ஃபிஷ் என்ற மீன் வெளிச்சம் பிடிக்காமல் இடுக்குக்குள் நகர்ந்தது. இங்கே உள்ள குவில்பேக் ராக்ஃபிஷ் தொண்ணூறு வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. என் அப்பா பிறந்தபோதே அங்கே இருந்திருக்கக்கூடிய ஓர் உயிருக்கு நான் செய்தது சிறு தொந்தரவு, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் படித்தவர்கள் பலர் இதையே வேறு மொழியில் சொல்கிறார்கள். பிரபஞ்சம் மனிதனின் கண் வழியாகத் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறதாம்; நாம் பார்க்கும்போதுதான் அது நிறைவடைகிறதாம். ஆன்மிகம்போல் ஒலிக்கும் இந்தப் பேச்சில் ஆணவம் தன் முழு உருவில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உமாபதி சிவம் சொன்ன இலக்கணம் அச்சாகப் பொருந்துகிறது: மறைக்கிறது, மறைப்பதையும் மறைக்கிறது. ஐரிஷ் தத்துவவாதி பார்க்லி பதினெட்டாம் நூற்றாண்டில் இதைவிடக் கவனமாகவே யோசித்தார். இருப்பது என்றால் உணரப்படுவது என்றார். மனிதர் யாரும் உணராதபோதும் பொருள்கள் இல்லாமல் போகாதபடி கடவுளின் அறிவில் அவற்றை வைத்தார். அவர் மனிதனுக்கு மகுடம் சூட்டவில்லை. ஆனாலும் கண் ஒன்று எப்போதும் திறந்திருந்தால்தான் பொருளுக்கு வாழ்வு என்ற கவலை அவரையும் விடவில்லை. எனக்கு அந்தக் கவலை ரத்தத்தில் வந்து நிற்கிறது. என் உடம்புக்குள் இந்த நொடி ஓடிக்கொண்டிருப்பது சிவப்பா? உள்ளே வெளிச்சம் இல்லை, பார்க்க ஆள் இல்லை. ஹீமோகுளோபின் தன் வேலையைச் செய்கிறது. இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்கிறது, விடுகிறது. குழாயில் எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது நான் காண்கிற சிவப்பு அந்த வேலையின் ஒரு பக்கம். நான் காணாதிருந்த காலமெல்லாம் அது எதற்கும் குறைந்திருக்கவில்லை.

ஆழத்தில் தோன்றுகிற எல்லாவற்றையும் நம்பலாமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முப்பது மீட்டரில் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் நைட்ரஜனே மயக்கம் தரும். சிலருக்குப் பயம், சிலருக்குக் காரணமில்லாத பேரானந்தம். எல்லாம் ஒன்றே என்று தோன்றுவதும் உண்டு. சில மீட்டர் மேலே ஏறினால் தெளிந்துவிடும். அதைச் சமாதி என்று கொண்டாடும் முக்குளிப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். மயக்கத்தில் கிடைத்த பரவசத்தைச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இங்கே நான் எழுதுவதெல்லாம் இருபது மீட்டருக்கு உள்ளே, கருவிகளைச் சரிபார்க்கும் அளவு தெளிவோடு இருந்தபோது பார்த்தவை.

சித்தாந்தத்தில் என்னைக் காப்பாற்றுவது சிவஞானபோதத்தின் பதினோராம் நூற்பா. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. ஆனாலும் உயிர் உடன் நின்று காட்டினால்தான் அது காணும். அவ்வாறே உயிருக்கு அறியும் ஆற்றல் உண்டு. இறைவன் உடன் நின்று காட்ட வேண்டும், தானும் உடன் நின்று காண வேண்டும். காட்டும் உதவி, காணும் உதவி என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். இதில் நான் கவனிப்பது, உதவி தேவைப்படுவது யாருக்கு என்பதை. பொருளுக்கு இல்லை. குறை முழுவதும் காண்கிறவர் பக்கம். டார்ச் சாமந்திக்கு எதையும் கொடுக்கவில்லை. என் கண்ணில் இருந்த குறையை நீக்கியது. இந்த இடத்தில் மெய்கண்டார் என் பக்கம் நிற்கிறார் என்று அப்பாவிடம் அடித்துச் சொல்கிறேன்.

இந்த வழக்கு எனக்கு வெறும் தர்க்கமாக இல்லாமல் போனதற்குக் காரணம் சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு, ஒரு மீட்டர் அகலம் வரை வளரக்கூடியது. ஊதா, ஆரஞ்சு என்று பல நிறங்களில் இந்தக் கரையெங்கும் இருந்தது. 2013-இல் அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை நட்சத்திர மீன்களை ஒரு நோய் தாக்கத் தொடங்கியது. உடலில் வெண்புண் தோன்றும், கைகள் முறுக்கிக்கொள்ளும், பிறகு கழன்று தனியே ஊர்ந்து போகும், மீதி கூழாகக் கரையும். சூரியகாந்தி வகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. எண்ணிக்கையில் அது பல நூறு கோடி. விப்ரியோ பெக்டனிசிடா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று 2025-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். காலராக் கிருமியின் அதே பேரினத்தைச் சேர்ந்தது. இந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவை எந்த மனிதக் கண்ணும் காணாமல் நடந்தவை. உலகத்தில் நடப்பதெல்லாம் என் உயிரின் பக்குவத்துக்காக என்று நான் நம்பினால், அந்தக் கைகள் உடலை விட்டு ஊர்ந்து போனதும் எனக்கான பாடம் ஆகிவிடும். அப்படி எண்ண நான் மறுக்கிறேன். காணப்படாத நிறத்தை எனக்கென்று எடுத்துக்கொண்டால், காணப்படாத வேதனையையும் எனக்கென்று எடுத்துக்கொண்டதாகத்தான் ஆகும். அதை எந்தச் சாத்திரத்தின் பேராலும் என்னால் செய்ய முடியாது.

இதை அப்பாவிடம் சொன்ன அன்று அவர் உடனே மறுத்துப் பேசவில்லை. சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் என்ற உரையை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். முனிவர் பிறந்த விக்கிரமசிங்கபுரம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம்; அப்பா அவரை உறவுக்காரர்போலத்தான் பேசுவார். "ஒரு உயிருக்கும் நுகர்ச்சி ஆகாத பொருள் உண்டுன்னு நீ சொல்லுதே. அதுக்குச் சாத்திரத்துல எடம் இருக்கான்னு பாக்கேன்" என்றார். எண்பதைத் தாண்டிய வயதில் மகளோடு வாதாட நூலைப் புரட்டுகிறவர் அவர்.

என் பக்கத்து வாதத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். சாமந்தியும் ஓர் உயிர். அதற்கும் உடல் தரப்பட்டிருக்கிறது. அந்த உடலால் அது தொடுகிறது, ருசிக்கிறது, நீரோட்டத்தில் விரிந்து இரை பிடிக்கிறது. சிவப்பு அந்த உடலோடு வந்தது. சிவப்பாக அதை நுகர யாரும் இல்லை. ஆனால் அந்த உடலை வாழ ஓர் உயிர் இருக்கிறது. உயிர்களின் பொருட்டு என்று மெய்கண்டார் சொன்னதற்கு இந்தப் பொருளும் கொள்ளலாமா என்பதுதான் என் கேள்வி. அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. டார்ச் இல்லாமல் எடுத்த அந்த முதல் படத்தை மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.